75 பேரைப் பலிகொண்ட கியூபெக் பாலம்: யாரும் சரிபார்க்காத பொறியாளர் தியோடர் கூப்பரின் கதை

1907 ஆகஸ்ட் 29, மாலை 5.37 மணி. கனடாவின் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் நதியின் மேல் ஒரு பிரம்மாண்ட ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய வேலை முடியப்போகும் நேரம். திடீரென்று பாலத்தின் தெற்குப் பகுதி முழுசா சரிந்தது. சுமார் 19,000 டன் எஃகு விழுவதற்கு 15 விநாடிகள்தான் ஆனது. பாலத்தின் மேல் இருந்த 86 தொழிலாளர்களில் 75 பேர் இறந்துபோனார்கள். அதில் 33 பேர் காஹ்னவாகே என்ற ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். ஒரே நாளில் அந்தச் சின்ன ஊரே நிலைகுலைந்துபோனது.

புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை. ரயில்கூட ஓட ஆரம்பிக்கவில்லை. தன்னுடைய எடையைத் தானே தாங்க முடியாமல் பாலம் விழுந்தது.

இந்தப் பாலத்தின் வடிவமைப்புக்குக் கடைசி ஓகே சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் பெயர் தியோடர் கூப்பர். பாலம் விழுந்தபோது அவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, நியூயார்க்கில் இருந்தார். நதிக்கு மேலே எழும்பி நின்ற அந்த எஃகுக் கட்டமைப்பை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

யார் இந்த கூப்பர்?

1839-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1858-இல், 19 வயதில், ரென்ஸலர் தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் முடித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் கடற்படையில் பொறியாளராகச் சேர்ந்தார். சுமார் 11 வருடம் அங்கே வேலை.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி நதியின் குறுக்கே ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிய பாலம். எஃகைப் பெரிய அளவில் நம்பிக் கட்டப்பட்ட முதல் பாலங்களில் அது முக்கியமானது. 1872-இல் ஈட்ஸ், கூப்பரை வேலைக்கு எடுத்தார். ஆலைகளில் தயாராகும் எஃகைச் சோதிப்பது முதல் வேலை. பிறகு பாலத்தை எழுப்பும் பணியின் பொறுப்பும் அவரிடமே வந்தது.

கூப்பர் ஆபீஸில் உட்கார்ந்து வேலை வாங்கும் ஆள் கிடையாது. வேலை நடக்கும்போது ஒருமுறை கால் தவறி, சுமார் 90 அடி உயரத்திலிருந்து நதிக்குள் விழுந்தார். நீந்திக் கரையேறி, அன்றைக்கே திரும்ப வேலைக்கு வந்துவிட்டார் என்பார்கள். 1874 தொடக்கத்தில் பாலத்தின் வளைவுக் குழாய்களில் விரிசல் விழுந்ததைக் கவனித்தவரும் அவர்தான். உடனே நியூயார்க்கில் இருந்த ஈட்ஸுக்குத் தந்தி அடித்தார். என்ன செய்யணும் என்று ஈட்ஸும் உடனே பதில் அனுப்ப, பாலம் பிழைத்தது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் களத்தில் நின்று தந்தி அடித்தவர் கூப்பர், தூரத்தில் இருந்து முடிவெடுத்தவர் இன்னொருவர். 33 வருடம் கழித்து, தூரத்தில் இருந்தவர் கூப்பர்.

பெயரே ஒரு முத்திரை

1879-இல் நியூயார்க்கில் தனியாக ஆலோசனைப் பொறியாளர் ஆனார். ரயில் பாலங்களை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று அவர் எழுதிய விதிமுறைகளைப் பல நிறுவனங்கள் பின்பற்றின. 1894-இல், ரயில் இன்ஜின்களின் எடை பாலத்தின் மேல் எப்படி இறங்குகிறது என்று கணக்கிட ஒரு எளிய முறையைக் கொடுத்தார். ‘கூப்பர் லோடிங்’ என்ற பெயரில் வட அமெரிக்க ரயில் துறையில் அது இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஹட்சன் நதிப் பாலம் பற்றி ஆராய அமெரிக்க அதிபர் நியமித்த ஐந்து பேர் குழுவிலும் இடம்பெற்றார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இவ்வளவு பெயர் வாங்கியும், உலகமே பேசும்படியான ஒரு பாலம் அவர் பேரில் இல்லை. அறுபது வயதில் அந்த வாய்ப்பும் கியூபெக்கிலிருந்து வந்தது.

200 அடியில் மாறிய கணக்கு

திட்டம் ஒரு கான்டிலீவர் பாலம். நதியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய தூண். ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டு கைகள் நீளும். ஒரு கையைக் கரையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இன்னொரு கை நதிக்கு மேலே நீளும். கொல்கத்தா ஹவுரா பாலமும் இந்த வகைதான். இப்படி நிற்கும்போது மேல்பக்கத் தண்டுகள் இழுபடும், கீழ்பக்கத் தண்டுகள் நசுக்கப்படும்.

1900-இல் கூப்பர் ஒரு மாற்றம் சொன்னார். இரண்டு தூண்களுக்கு நடுவே திட்டமிட்ட 1,600 அடியை 1,800 அடியாக்கலாம். தூண்கள் கரைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த இடத்தில் வரும். பனிக்கட்டிகள் மோதும் ஆபத்து குறையும். வேலையும் சீக்கிரம் முடியும். எல்லாமே நியாயமான காரணங்கள். கூடவே, அப்போது உலக சாதனையாக இருந்த ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை, அதாவது அதன் 1,710 அடியை, கியூபெக் முந்திவிடும்.

நீளம் கூடினால் தண்டுகள் பெரிதாக வேண்டும், எடை கூடும். எடை கூடினால், அதைத் தாங்கத் தண்டுகளை இன்னும் பெரிதாக்க வேண்டும். அதனால் மொத்த எடையையும் முதலிலிருந்து திரும்பக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இங்கே அது நடக்கவே இல்லை. பாலம் கட்டும் கம்பெனியிடம் பல வருடம் பணம் இல்லை. 1903-இல் அரசு உத்தரவாதத்தோடு பணம் வந்ததும் எல்லோருக்கும் அவசரம். வேலையை எடுத்திருந்த அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பாலம் நிறுவனம் பழைய எடைக் கணக்கையே வைத்து டிராயிங் போட்டது. கூப்பரும் அதைக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, எஃகின் மேல் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தை அனுமதிக்கும்படி அவரே விதிகளையும் தளர்த்தியிருந்தார்.

சரிபார்க்க ஆளே இல்லையா? கனடாவின் ரயில்வே துறை, வரைபடங்களைப் பார்க்கத் தனியாக ஒரு பொறியாளரை நியமிக்க நினைத்தது. கூப்பர் அதைத் தனக்கு வந்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். நேரில் ஒட்டாவாவுக்கே போய்ப் பேசினார். கடைசியில் அவர் சொல்வதே முடிவு என்று ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய மனிதரை யார் சோதிப்பது?

1903 மே மாதம்தான் அவர் கடைசியாகக் களத்துக்குப் போனது. பிறகு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. சம்பளம் குறைவு என்பதால் உதவிப் பொறியாளர்களும் இல்லை. நார்மன் மெக்லூர் என்ற இளைஞரைத் தன் கண்ணாகக் களத்தில் வைத்துவிட்டு, மீதி எல்லாம் கடிதத்திலும் தந்தியிலும்தான்.

6.2 கோடியா, 7.3 கோடியா?

1906 பிப்ரவரியில் உண்மை வெளியே வந்தது. பாலத்தின் எடை 6.2 கோடி பவுண்டு என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். உண்மையில் அது 7.3 கோடி பவுண்டை நெருங்கும் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட 5,000 டன் கூடுதல்.

அதற்குள் பாலத்தின் கணிசமான பகுதி தயாராகி, பொருத்தப்பட்டும் இருந்தது. இப்போது மாற்றணும்னா எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தொடங்க வேண்டும். கூப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எஃகின் மேல் அழுத்தம் 7 முதல் 10 சதவீதம் கூடும். தாங்கும் என்று முடிவு செய்தார். அந்த முடிவையும் வேறு யாரும் சரிபார்க்கவில்லை.

1907 ஆகஸ்ட் தொடக்கத்தில், கீழ்பக்கத் தண்டுகள் வளைய ஆரம்பித்தன. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்திப் பாருங்கள். நசுங்குவதற்கு முன்னாடியே பக்கவாட்டில் வளையும். ஒருமுறை வளைய ஆரம்பித்தால், அதே அழுத்தமே அதை இன்னும் வளைக்கும். இந்தத் தண்டுகளுக்கு நடந்ததும் அதுதான்.

மெக்லூர் கடிதம் எழுதினார். இது எப்படி வளைந்தது என்று கூப்பர் தந்தியில் கேட்டார். தண்டுகள் பட்டறையிலிருந்து வரும்போதே வளைந்துதான் வந்தன என்றது ஃபீனிக்ஸ் தரப்பு. பொருத்திய பிறகுதான் வளைந்தது என்று மெக்லூர் அடித்துச் சொன்னார். இந்த வாக்குவாதத்திலேயே மூன்று வாரம் போனது. பாலத்தின் மேல் எஃகு ஏறிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 27 அன்று ‘ஏ9எல்’ என்ற தண்டை மெக்லூர் அளந்தார். ஒரு வாரம் முன்பு முக்கால் அங்குலம் இருந்த வளைவு, இரண்டேகால் அங்குலம் ஆகியிருந்தது.

சரியான முடிவு, தவறான முகவரி

மெக்லூர் ரயில் ஏறி, 29-ஆம் தேதி காலை 11.30 மணி வாக்கில் கூப்பரின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கூப்பர் உடனே புரிந்துகொண்டார். மதியம் 12.16-க்கு, ஆராய்ந்து முடிக்கும்வரை பாலத்தில் இனி எந்த எடையும் ஏற்றக் கூடாது என்று தந்தி கொடுத்தார்.

ஆனால் அந்தத் தந்தி போனது பென்சில்வேனியாவில் இருந்த ஃபீனிக்ஸ் நிறுவனத்துக்கு. தொழிலாளர்கள் நின்றிருந்த கியூபெக்குக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. மாலையில் மெக்லூர் அங்கே போய்ச் சேர, ஃபீனிக்ஸ் அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். மறுநாள் காலையில் முடிவெடுக்கலாம் என்று கலைந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் பாலம் விழுந்தது.

விசாரணை என்ன சொன்னது?

கனடா அரசு மூன்று பொறியாளர்கள் கொண்ட அரச ஆணையத்தை அமைத்தது: ஹென்றி ஹோல்கேட், ஜே.ஜி.ஜி. கெர்ரி, பேராசிரியர் ஜான் கால்பிரைத். இடிபாடுகளை அளந்தார்கள். உயிர் பிழைத்தவர்களையும் பொறியாளர்களையும் விசாரித்தார்கள். கடிதங்கள், தந்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினார்கள். கூப்பரால் பயணம் செய்ய முடியாததால், நியூயார்க்கிலேயே அவருடைய வாக்குமூலத்தைப் பெற்றார்கள்.

அந்தத் தண்டு ஒரே கட்டியான எஃகு இல்லை. நான்கு நீளத் தகடுகளைக் குறுக்குப் பட்டைகளால் பின்னி, ரிவிட் அடித்துச் சேர்த்தது. அதே அமைப்பைச் சின்ன அளவில் செய்து இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தபோது, முதலில் அறுந்தவை அந்தக் குறுக்குப் பட்டைகளின் ரிவிட்டுகள். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு மிகவும் பலவீனமாக இருந்திருக்கிறது. இழுபடும் தண்டுகளைக் கூப்பர் நிறைய சோதித்திருந்தார். நசுக்கப்படும் தண்டுகளுக்கு அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை.

1908-இல் வந்த அறிக்கை, கூப்பரும் ஃபீனிக்ஸின் வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்லாப்காவும் செய்த தீர்ப்புப் பிழைகளே காரணம் என்றது. எடைக் கணக்கைத் திருத்தாதது பெரிய தவறு. அதிக அழுத்தத்தை அனுமதித்ததும் தவறு. வேலையை நிறுத்தச் சொல்லும் அனுபவமும் அதிகாரமும் சேர்ந்த ஒருவர்கூடக் களத்தில் இல்லை. இவ்வளவு பெரிய தண்டுகள் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு அந்தக் காலப் பொறியியலுக்கே போதவில்லை என்பதையும் ஆணையம் பதிவு செய்தது.

அதனால் வந்த மாற்றம் பெரியது. புதிய பாலத்தை அரசே கையில் எடுத்தது. ஒரு தனிமனிதருக்குப் பதிலாகப் பொறியாளர் குழு பொறுப்பேற்றது. முக்கியத் தண்டுகள் பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனாயின. அப்படியும் 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது நழுவி நதியில் விழுந்து, இன்னும் 13 பேர் இறந்தார்கள். 1917-இல் பாலம் முடிந்தது. கூப்பர் கேட்ட அதே 1,800 அடிதான். கான்டிலீவர் பாலங்களில் உலகின் மிக நீளமான இடைவெளி இன்றும் அதுதான்.

கூப்பர் விபத்துக்குப் பிறகு தொழிலைவிட்டே விலகிவிட்டார். 1919 ஆகஸ்ட் 22 அன்று வேல்ஸ் இளவரசர் அந்தப் பாலத்தை முறைப்படி திறந்துவைத்தார். இரண்டு நாள் கழித்து, 24-ஆம் தேதி, தன் 80-ஆவது வயதில் கூப்பர் இறந்தார்.

அவருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவரைவிடப் பாலம் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனாலேயே அவர் கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை, அவரும் பார்க்க விடவில்லை. உங்கள் ஆபீஸில் சீனியர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக யாரும் திறந்துகூடப் பார்க்காத ஃபைல் ஒன்று இருந்தால், அதைத் திறந்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.