நாவு கட்டுண்ட நாட்களில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. ஆனால் அன்னாரை ஆட்டிவைத்த மனநோவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், நைஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். 1091-ல் வஜீர் நிஜாமுல் முல்க், அவர்களைப் பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக்கினார். 300 மாணவர்கள் பாடம் கேட்டனர்.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (1095). உலகப் புகழா, மறுமையா என்ற போராட்டம் உள்ளத்தில் மூண்டது. ஏறக்குறைய ஆறு மாதம் தவித்தார்கள். பாடம் சொல்ல அமர்ந்தால் ஒரு சொல்லும் எழவில்லை. கவலை முற்றி, ஒரு மிடறு நீராகாரமும் தொண்டையில் இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்தனர். நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியிருக்கிறது. உள்ளத்தின் கவலை தீராமல் மருந்து பலிக்காது என்று கூறினர்.

இமாமவர்கள் அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கி, மீதிப் பொருளைப் பகிர்ந்தளித்துவிட்டு, துல்கஃதா மாதம் பக்தாதைத் துறந்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆட்சியாளர்களால் வந்த வினை என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர்.

டமாஸ்கஸில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள்; ஹஜ்ஜும் செய்தார்கள். நாவு கட்டுண்டவர் என்று ஒதுக்கப்பட வேண்டியவரா அவர்? இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல் அந்தத் துறவுக் காலத்தில் உருவானதே. 1106-ல் நைஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். 1111-ல் தூஸ் நகரில் வஃபாத்தானார்கள்.

இவற்றையெல்லாம் இமாமவர்களே அல்முன்கிது மினள்ளலால் என்ற நூலில் ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். நாமோ ஒளிக்கிறோம். வீட்டில் ஒரு பிள்ளை பேச்சின்றி, உணவின்றி முடங்கினால், ஈமான் குறைவு என்கிறோம். ஷைத்தான் பிடித்தது என்கிறோம். சம்பந்தம் தடைப்படுமே என்று அறைக்குள் பூட்டுகிறோம்.

எல்லாருடைய மனநோயும் இமாமவர்களுக்கு வந்தது போன்றதன்று. அதற்கான காரணங்கள் பல. இன்று மருந்துகளும் உண்டு. நோய்க்கு மருந்து தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மனநோய் மட்டும் அதற்கு விலக்கா?

துஆவும் கேட்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். அத்தனை பெரிய இமாமுக்கு வந்த சோதனை நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் அது இழுக்காகுமா? சிந்திப்போமாக!