பாக்குவெட்டிக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் ஒரு மியூசியம்: யார் இந்த தினகர் கேல்கர்?

மிட்டாய் தீர்ந்த பிறகும் சில டப்பாக்களைத் தூக்கிப்போட மனசு வராது. பெஸ் அப்படி ஒன்று. மேலே மிக்கி மவுஸ் தலையோ, சாண்டா தாத்தா தலையோ இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்தில் இருந்து ஒரே ஒரு மிட்டாய் எட்டிப் பார்க்கும். சிகரெட்டுக்குப் பதிலாக வாயில் போட்டுக்கொள்ள ஒரு புதினா மிட்டாய் என்று, 1927-ல் வியன்னாவில் எட்வர்ட் ஹாஸ் கொண்டுவந்தது இது. 1949-ல் அதற்கு லைட்டர் மாதிரி ஒரு டப்பா வந்தது. 1950-களில் அமெரிக்காவுக்குப் போனதும் குழந்தைகளைக் கவர டப்பாவுக்குத் தலை முளைத்தது. இன்று மிட்டாயைவிட டப்பாவுக்குத்தான் கிராக்கி. அதைச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஆனா, அளவாக எடுத்துக் கொடுக்கும் டப்பா நமக்குப் புதுசு இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் போதும். உள்ளே பாக்குவெட்டி இருக்கும், அதற்குப் பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சுண்ணாம்பு டப்பா இருக்கும். இதையெல்லாம் யாராவது சேகரிப்பார்களா என்று கேட்கலாம். ஒருவர் தன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். அவர்தான் புனேயைச் சேர்ந்த தினகர் கங்காதர் கேல்கர்.

கடையில் மூக்குக்கண்ணாடி, மனசில் கவிதை

கேல்கர் பிறந்தது 1896-ல். பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. ஜமீன் சொத்தோ, ஆலை வருமானமோ கிடையாது. கூடவே மராத்தியில் கவிதை எழுதினார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அஞ்ஞாதவாசி. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 12 வருட வனவாசம் முடிந்து 13-வது வருடம், யார் கண்ணிலும் படாமல் பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்தார்களே, அந்த அஞ்ஞாதவாசம்தான்.

புனே, பேஷ்வாக்கள் ஆண்ட ஊர். திரும்பிய பக்கமெல்லாம் பழைய வாடாக்கள், அதாவது முற்றம் வைத்த பெரிய வீடுகள். அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய சாமான்கள். கேல்கர் 1920 வாக்கில் பழைய பொருட்களைச் சேர்க்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு 24 வயது இருக்கும். இன்றைக்கு முதல் வேலையில் சேர்ந்து, முதல் இஎம்ஐ கட்ட ஆரம்பிக்கும் வயது.

ராஜா வீட்டுப் பொருள் இல்லை, நம்ம வீட்டுப் பொருள்

அதே காலத்தில் இந்தியாவில் இன்னொரு பெரிய சேகரிப்பாளர் இருந்தார். ஹைதராபாத்தின் மூன்றாம் சாலார் ஜங். நிஜாமிடம் திவானாக, அதாவது பிரதம மந்திரியாக இருந்தவர். ஐரோப்பாவில் இருந்து பளிங்குச் சிலைகள், கடிகாரங்கள், ஓவியங்கள் என்று வாங்கிக் குவித்தார். அவர் இறந்து 2 வருடம் கழித்து, 1951-ல் சாலார் ஜங் மியூசியத்தைத் திறந்து வைத்தவர் பிரதமர் நேரு.

மூக்குக்கண்ணாடிக் கடை வருமானத்தில் அந்த மாதிரி வாங்க முடியாது. கேல்கர் அதற்கு ஆசைப்படவும் இல்லை. அவர் கண் போனது வேறு பக்கம். விளக்கு, மைக்கூடு, குங்குமச் சிமிழ், சமையல் பாத்திரம், குழந்தைகளின் பொம்மை, இசைக்கருவி, செதுக்கு வேலை செய்த கதவு, ஜன்னல். குளிக்கும்போது பாதத்தைத் தேய்க்கும் வஜ்ரியைக்கூட விடவில்லை. வீட்டில் தினமும் கையில் எடுப்பார்களே, ஆனா கவனித்துப் பார்க்கவே மாட்டார்களே, அந்தப் பொருட்கள்தான் அவருடைய சேகரிப்பு.

பாக்குவெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலை ரொம்ப எளிது. கீழ்ப்பிடி, மேல்பிடி, நடுவில் ஒரு கீல், ஒரு வெட்டும் விளிம்பு. நெம்புகோல் தத்துவம்தான். பாக்கு இரண்டாகிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு அலங்காரம் எதற்கு? ஆனா, கேல்கர் சேர்த்தவற்றில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பிடிகளே மனித உருவங்களாகவும் மிருகங்களாகவும் பறவைகளாகவும் மாறியிருக்கும். ஊர்க் கொல்லரும் கன்னாரும் தினசரிப் பொருளில் செய்து வைத்துவிட்டுப் போன வேலை அது. அதில் பெரும்பாலும் செய்தவர் பெயர் இருக்காது. யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த கலைஞர்கள் அவர்கள். அவர்களுடைய பொருட்களைத் தேடிப் போனவரின் புனைபெயரும் அஞ்ஞாதவாசி என்பது நல்ல பொருத்தம்.

சுண்ணாம்பு டப்பாவிலும் ஒரு கணக்கு உண்டு. சுண்ணாம்பு காரப் பொருள். கொஞ்சம் கூடினால் வாய் வெந்துவிடும், குறைந்தால் வெற்றிலை சிவக்காது. அதனால் டப்பா சின்னதாக இருக்கும், மூடி இறுக்கமாக இருக்கும். சுண்ணாம்பைத் தொட்டு எடுக்கும் குட்டிக் கரண்டியைச் சிலவற்றில் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். பெஸ் டப்பாவில் ஸ்பிரிங் செய்கிற வேலையை இங்கே அந்தக் கரண்டி செய்கிறது.

ஓசூருக்கும் புனேவுக்கும் பொதுவான ஒரு சொல்

பாக்குவெட்டிக்கு மராத்தியில் அட்கித்தா என்று பெயர். கன்னடத்தில் அடகத்தரி. தெலுங்கில் அடகத்தெர. மூன்றும் ஒரே குடும்பம் என்பது காதில் கேட்டாலே தெரிகிறது. பாக்குக்குக் கன்னடத்தில் அடிகே என்று பெயர். தமிழிலும் பாக்குக்கு அடைக்காய் என்ற பழைய பெயர் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஓசூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வழியும் ஒன்றுதான். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் 48-வது தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூருவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் புனே வந்துவிடும். கேல்கர் சேர்த்த பொருட்களும் மகாராஷ்டிரத்தோடு நிற்கவில்லை. இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த பொருட்கள் அதில் இருக்கின்றன.

அது ராஜா பட்டம் இல்லை

கேல்கர் மியூசியத்தின் முழுப்பெயர் ராஜா தினகர் கேல்கர் மியூசியம். வெளியூர்க்காரர்கள் பலர் இதைப் படித்துவிட்டு, யாரோ ஒரு சமஸ்தானத்து ராஜா என்று நினைத்துவிடுவார்கள். விஷயம் அது இல்லை.

கேல்கரின் ஒரே மகன் பெயர் ராஜா. சின்ன வயதிலேயே இறந்துபோனான். மராத்தியர்கள் பெயர் எழுதும் முறையில் முதலில் சொந்தப் பெயர் வரும், அடுத்து அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். அந்தக் கணக்கில் ராஜா தினகர் கேல்கர் என்பது ஒரு சிறுவனின் முழுப்பெயர். அவன் வளர்ந்து ஆளாகியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டிய பெயர். கேல்கர் அதை ஒரு கட்டடத்தின் வாசலில் எழுதி வைத்தார்.

ஒரு வீட்டின் பொருட்களை அடுத்த தலைமுறைதான் வாங்கி வைத்துக்கொள்ளும். கேல்கருக்கு அப்படி ஒப்படைக்க மகன் இல்லை. சேகரிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1960 வாக்கில் சுமார் 15,000 பொருட்கள். ஒரு குடும்பம் வாழும் வீட்டில் இவ்வளவையும் வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. வாங்குவதற்குக் காசு வேண்டும், வைப்பதற்கு இடம் வேண்டும், தூசி தட்டுவதற்கு ஆள் வேண்டும். மனைவி கமலாபாய் இதற்கெல்லாம் துணையாக இருந்தார். ஒருவரின் ஹாபி 40 வருடம் ஓடுகிறது என்றால் அதில் வீட்டில் இருப்பவர்களின் பங்கும் இருக்கிறது.

விற்கவில்லை, கொடுத்துவிட்டார்

1962-ல் மியூசியம் முறையாக உருவானது. 1975-ல் கேல்கர் தன் சேகரிப்பை மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிய 55 வருட உழைப்பு பொதுச்சொத்தானது. அப்போது அவருக்கு 79 வயது.

இதில் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. தனியார் சேகரிப்புகள் பெரும்பாலும் சேகரித்தவரோடு முடிந்துவிடும். வாரிசுகள் பங்கு பிரிப்பார்கள், நல்லதை விற்பார்கள், மிச்சம் மூட்டையாகிவிடும். 15,000 பொருட்கள் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் அது ஒரு சமூகம் எப்படி வாழ்ந்தது என்று சொல்லும். பிரிந்துபோனால் வெறும் பழைய சாமான். பெஸ் டப்பாக்களுக்கும் இதே கதைதான். முழு வரிசைக்கு இருக்கும் மதிப்பு உதிரிக்கு இருப்பதில்லை.

புனே பாஜிராவ் சாலை பக்கம் இருக்கும் அந்த மியூசியத்தில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ளன. இடம் போதாததால் பார்வைக்கு இருப்பவை சுமார் 2,500 மட்டுமே. பெரும்பாலும் 18, 19-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதலாம் பாஜிராவ் மஸ்தானிக்காகக் கோத்ருடில் கட்டிய மஹாலின் பாகங்களும் இங்கே கொண்டுவந்து மறுபடி பொருத்தப்பட்டிருக்கின்றன. கேல்கர் 1990-ல் காலமானார்.

சரி, இதில் நமக்கு என்ன?

கேல்கர் சேகரித்த காலம், வீட்டுப் பொருட்கள் வேகமாக மாறிய காலம். பித்தளையும் வெண்கலமும் போய் எவர்சில்வர் வந்தது, அதன் பின்னாலேயே பிளாஸ்டிக் வந்தது. நம் பக்கத்தில் அந்த மாற்றம் இன்னும் வேகம். 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரின் முகமே மாறியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு தயாரிக்க ஆரம்பித்தது. இப்போது விவசாய நிலம் லேஅவுட் ஆகிறது, ஓட்டு வீடு அபார்ட்மென்ட் ஆகிறது. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பரணில் இருப்பது கீழே இறங்குகிறது. அப்புறம் நேராகப் பழைய பாத்திரக் கடைத் தராசுக்குப் போகிறது.

தராசுக்குப் பித்தளையின் எடை மட்டும்தான் தெரியும். யானைத்தலை பிடி வைத்த பாக்குவெட்டிக்கும் உடைந்த குழாய்க்கும் ஒரே விலை. உருக்கிவிட்டால் அந்தப் பிடி திரும்ப வராது.

வெற்றிலை பாக்கு போடும் பழக்கத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. பழக்கம் போகட்டும். அதற்காகச் செய்த பொருளில் இருக்கும் கைவேலை தாராளமாக மிஞ்சலாம்.

சேகரிக்க ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972. இதன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருட்கள், கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வாங்கி விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். பரணில் கற்சிலையோ செப்பேடோ கிடைத்தால் அதைச் சேகரிப்பில் சேர்க்காமல் தாசில்தாரிடம் தகவல் சொல்வதுதான் சரி. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயும் கேட்கலாம்.

பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவுக்கு இவ்வளவு சிரமம் தேவைப்படாது. மொபைலில் இரண்டு போட்டோ எடுங்கள், ஒன்று மூடியது, ஒன்று திறந்தது. கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எதற்குப் பயன்பட்டது, வீட்டில் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓசூரில் அந்தப் பெயர் மூன்று மொழியில் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். பொருளைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.