கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்த நாவுக்கரசர்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாக அவதரித்தவர் மருள்நீக்கியார். திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் சைவ உலகம் போற்றும் பெருமான் இவரே. இவர் வாழ்ந்த காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டாகும்.

இளமையிலேயே தாய் தந்தையர் இருவரும் காலமாயினர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர் தாங்கினார். தம்பியோ மெய்ப்பொருளைத் தேடிச் சமணம் புகுந்தார். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியில் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமையும் பெற்றார்.

அந்நிலையில் கொடிய சூலைநோய் அவரைப் பற்றியது. மந்திரங்களால் அது தீரவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையாரின் பாதங்களில் வீழ்ந்தார். அம்மையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்து, வீரட்டானத்து இறைவன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். பதிகம் பாடினார்; நோய் நீங்கியது. நாவுக்கரசு என்னும் நாமமும் இறைவனருளால் கிடைத்தது.

உண்மையான சோதனை இதன் பின்னரே தொடங்கியது. பகைவராய் எழுந்தவர்கள் அந்நியர் அல்லர், நேற்றுவரை உடனிருந்தவர்களே. நோய் வந்ததாக நடித்து அரச சமயத்தை அவமதித்துவிட்டார் என்று பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மன்னன் அமைச்சரையும் சேனையையும் அனுப்பினான். சிவனுக்கே ஆளான தமக்கு அரச ஆணை அச்சம் தராது என்ற கருத்தில் நாவுக்கரசர் மறுமாற்றத் திருத்தாண்டகம் பாடினார். எனினும் அமைச்சர்கள் பணிந்து வேண்டியபோது, வருவதற்கு இறைவன் துணையுண்டு என்று உடன் சென்றார். அவரிடம் அச்சமும் இல்லை, வந்தவர்கள்மீது வெறுப்பும் இல்லை.

அடுத்து நிகழ்ந்தவற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். கொதிக்கும் நீற்றறையில் ஏழு நாட்கள் அடைத்தனர். ஈசன் திருவடி நிழலை நினைந்திருந்தவருக்கு அது குளிர்ந்தது. நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தனர், அது அமுதாயிற்று. மத யானையை ஏவினர். அது வலம் வந்து வணங்கியது. இறுதியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் வீழ்த்தினர். நமச்சிவாயப் பதிகம் பாடினார். கல்லே தெப்பமாக மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் அவரைக் கரை சேர்த்தது. கடலூரை அடுத்துக் கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரில் ஓர் ஊர் இன்றும் உள்ளது.

இங்கே அடியார்கள் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தனை துன்பத்திலும் மன்னன் அழிய வேண்டும் என்று நாவுக்கரசர் வேண்டவில்லை. இறைவனை மட்டுமே பாடினார். தீர்ப்பை அவனிடமே விட்டார். அத்தீர்ப்பு எவ்வாறு அமைந்தது? மன்னன் மாண்டுபோகவில்லை, மனம் மாறினான். திருவதிகை வந்து நாவுக்கரசரைப் பணிந்து சைவனானான். தன் பெயரால் அங்கே குணபரவீச்சரம் என்ற கோயிலையும் எழுப்பினான். பகைவன் ஒழிவதைவிடப் பகை ஒழிவதே பெரிய நீதி அல்லவா?

அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. உழவாரப் படையைக் கையிலேந்தி, கோயில் கோயிலாகப் புல் செதுக்கித் திருவீதி துப்புரவு செய்தார். திருஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். அவர் பாடியவற்றில் 300க்கு மேற்பட்ட பதிகங்கள் 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன. 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதயத்தில் திருப்புகலூரில் சிவனடி சேர்ந்தார் என்பது மரபு.

2013ஆம் ஆண்டு தம்புள்ளையில் பத்திரகாளி அம்மன் ஆலயம் இடிக்கப்பட்டதைக் கண்ட அடியார்களுக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதை அன்று. கல்லால் எழுப்பிய கோயிலை அகற்றலாம். அடியாரின் நெஞ்சிலுள்ள கோயிலை எவராலும் அகற்ற இயலாது. நியாயத்தைப் பணிவோடும் துணிவோடும் எடுத்துரைப்பது நம் கடமை. வெறுப்பை மனதில் ஏற்றாமல் ஐந்தெழுத்தை நாவில் ஏற்றுவது நம் காவல். நால்வர் சந்நிதியில் உழவாரத்தோடு நிற்கும் அப்பர் பெருமானை வணங்கும்போதெல்லாம் இதனை நினைவிற் கொள்வோமாக.

மேன்மைகொள் திருவருள் யாவர்க்கும் துணை நிற்பதாக.