ஐடா பி. வெல்ஸ்: ஊரே நம்பிய ‘காரணத்தை’ சரிபார்த்த பத்திரிகையாளர்

ஒருவரை ஒரு கும்பல் கொன்றுவிட்டது என்று செய்தி வருகிறது. கூடவே ஒரு காரணமும் வருகிறது. அதைப் படித்ததும், ஏதோ தப்பு செஞ்சிருப்பான் போல என்று மனசு அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறது. சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் இதுதான் நிலைமை. அந்தக் காரணம் உண்மைதானா என்று உட்கார்ந்து சரிபார்த்தவர் ஐடா பி. வெல்ஸ்.

யார் இவர்?

1862-ல் மிசிசிப்பி மாகாணத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1878-ல் பரவிய மஞ்சள் காய்ச்சலில் அப்பா, அம்மா, கைக்குழந்தையான தம்பி மூவரும் இறந்துபோனார்கள். ஐடாவுக்கு அப்போ வயசு 16. மற்ற தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்து அனுப்பலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். ஐடா ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிரியை வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்.

ரயிலில் தொடங்கிய சண்டை

பிறகு மெம்ஃபிஸ் பக்கம் குடிபெயர்ந்தார். ஒருமுறை ரயிலில் பெண்கள் பெட்டியில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவரை, கறுப்பினப் பெண் என்பதால் வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். ஐடா மறுத்தார். கையைப் பிடித்து இழுத்த கண்டக்டரைக் கடித்தே விட்டார். கடைசியில் சில பேர் சேர்ந்து இழுத்து வெளியேற்றினார்கள். ரயில்வே கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 1884-ல் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார். 1887-ல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இந்த அனுபவத்தை எழுதப்போய்தான் பத்திரிகைக்குள் வந்தார். 1889-ல் மெம்ஃபிஸின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகைக்குப் பங்குதாரரும் ஆசிரியரும் ஆனார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் மோசமாக இருப்பதை எழுதியதால், 1891-ல் டீச்சர் வேலை போனது.

நண்பரின் கொலை

தாமஸ் மோஸ், ஐடாவின் நெருங்கிய நண்பர். கூட்டாளிகளோடு சேர்ந்து மளிகைக் கடை நடத்திவந்தார். அருகில் கடை வைத்திருந்த வெள்ளைக்காரருக்கு அது போட்டி. தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1892 மார்ச் 9 அன்று மோஸ் உட்பட மூன்று பேரைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது.

கும்பல் கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம், வெள்ளையினப் பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை. அதுவரை ஐடாவும் அதை ஓரளவு நம்பியிருந்தார். மோஸைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் மீது அப்படி ஒரு புகாரே இல்லை. அப்போ மற்றவர்கள் விஷயத்தில்?

எண்கள் சொன்ன உண்மை

ஒவ்வொரு கொலையாக விசாரிக்கத் தொடங்கினார். பல சம்பவங்களில் இருவரும் விரும்பிப் பழகியதே குற்றமாக மாற்றப்பட்டிருந்தது. அதை எழுதியதும், 1892 மே மாதம் ஒரு கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை நாசமாக்கியது. ஐடா அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தால் கொலை என்று மிரட்டல் வந்தது.

நியூயார்க்கில் இருந்தபடியே எழுதினார். 1895-ல் வெளியான ‘தி ரெட் ரெக்கார்ட்’ நூலில், கொல்லப்பட்டவர்களின் பெயர், இடம், சொல்லப்பட்ட காரணம் என்று பட்டியலே போட்டார். புள்ளிவிவரங்களை ‘சிகாகோ ட்ரிப்யூன்’ உள்ளிட்ட வெள்ளையர் பத்திரிகைகளிலிருந்தே எடுத்தார். இட்டுக்கட்டியது என்று யாரும் தள்ளிவிட முடியாது, இல்லையா? கொல்லப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பாலியல் புகாரே இருந்தது. அதுவும் வெறும் புகார், நிரூபணம் கிடையாது.

பின்வரிசைக்கும் மறுப்பு

1893, 1894-ல் பிரிட்டன் போய்ப் பேசி, உலகின் கவனத்தைத் திருப்பினார். 1913-ல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணி. கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள். ஐடா கூட்டத்தோடு நின்று, இல்லினாய் மாகாணக் குழு வந்ததும் அதற்குள் புகுந்து நடந்தார். பெண்களின் உரிமைக்கான மேடையிலும் நிறத்துக்காகப் பின்னே போக அவர் தயாராக இல்லை.

1931-ல் காலமானார். 2020-ல் அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. கும்பல் கொலையை வெறுப்புக் குற்றமாக்கும் அமெரிக்க தேசியச் சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது. தாமஸ் மோஸ் கொல்லப்பட்டு அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.