பொதுப்பணத்தின் காவலர் ஹரி ட்றூமன்

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோரிற் பலர் அரசாங்க சேவையிலே காலங் கழித்தவர்கள். கந்தோரிற் கணக்கெழுதியவர்களும், பிறர் எழுதிய கணக்கைப் பார்வையிட்டவர்களும் அவர்களுள் உளர். கணக்காய்வு சுவையற்ற தொழில் என்று எண்ணுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அத்தொழிலின் மாண்பை இம்மலரைப் படிக்கும் மாணவர் உணருமாறு, ஐக்கிய அமெரிக்காவின் 33ஆம் ஜனாதிபதியாக விளங்கிய ஹரி ட்றூமனின் வாழ்வை ஈண்டுச் சுருக்கிக் கூற விழைகின்றோம்.

ட்றூமன் 1884ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் மிசூரி மாநிலத்து லாமார் என்னும் சிற்றூரிலே ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இளமையில் வங்கியிலே குமாஸ்தாவாக இருந்தார். பின்னர் ஏர் பிடித்தார். முதலாம் உலகப் போரிற் பீரங்கிப் படையொன்றின் தலைவராகப் பிரான்சு நாட்டிற் போர் புரிந்தார். 1919இல் நண்பரொருவருடன் கூடிக் கன்சாஸ் நகரில் ஆடவர் உடுப்புக்கடை ஒன்றைத் திறந்தார். மூன்று ஆண்டுகளுள் அக்கடை நொடிந்தது. எனினும் கடனை மறுத்தோட மனமின்றிப் பல்லாண்டுகள் உழைத்து அதனை இறுத்தார். பிறர் பணத்துக்குப் பொறுப்புக் கூறும் குணம் அன்றே அவர்பால் வேரூன்றியிருந்தது.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, செனற் என்னும் மூதவையின் உறுப்பினரானார். அவரை அரசியலிற் கைதூக்கிவிட்டவர் கன்சாஸ் நகரிற் செல்வாக்கோங்கிய பெண்டர்காஸ்ற் என்பவர். அவர் 1939இல் வருமான வரி ஏய்த்த குற்றத்துக்காகச் சிறை புகுந்தபோது, ட்றூமன் மீதும் பலருக்கு ஐயம் படர்ந்தது. தம்மீதே ஐயப்பார்வை படிந்திருந்த ஒருவர் நாட்டின் செலவை ஆராயப் புகுந்தமை நாம் ஊன்றி நோக்கற்பாலது.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்திலே போர் ஆயத்தத்திற்கென அந்நாட்டரசு பணத்தை வெள்ளமென இறைத்தது. இராணுவ முகாம்களிலே வீண்செலவு மலிந்ததென முறைப்பாடுகள் வரவே, ட்றூமன் தமது சொந்த மோட்டார் வண்டியிலேறி ஆயிரக்கணக்கான மைல் சென்று நேரிற் கண்டார். வெயிலிலும் மழையிலுங் கிடந்து பாழாகும் பொருள்களையும், வேலையின்றிக் கூலி பெறும் ஆட்களையும் கண்டார். எவ்வளவு செலவானாலும் ஒப்பந்தகாரர்க்கு இலாபம் உறுதி என்னும் வகையில் ஒப்பந்தங்கள் அமைந்திருந்தமையாற் சிக்கனத்தில் நாட்டங்கொள்வார் இலராயினர்.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர் தலைமையில் எழுவர் கொண்ட விசாரணைக் குழு நிறுவப்பட்டது. அதற்கு முதலில் வழங்கிய தொகை 15,000 டொலர் மட்டுமே. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அத்தகைய குழுவொன்று படைத்தலைவர்களின் போர்முறையிலே தலையிட்டு விளைத்த தீங்கை அவர் வரலாற்று நூல்களிற் படித்தறிந்திருந்தார். ஆதலின் போர்முறையை விடுத்துச் செலவையும் உற்பத்தியையுமே ஆராய்ந்தார். இரு கட்சியினரும் அமர்ந்திருந்தும், அவர் தலைமையில் வெளிவந்த அறிக்கைகள் ஒருமனதாகவே வெளிவந்தன.

1943இல் உருக்காலை ஒன்றிலே தகட்டுச் சோதனை முடிவுகள் பொய்யாக எழுதப்பட்டமையும், ஒகையோ மாநிலத்து விமான இயந்திரத் தொழிற்சாலை ஒன்றிலே பழுதான உறுப்புகள் நல்லனவென ஏற்கப்பட்டமையும் இக்குழுவின் விசாரணையால் வெளிப்பட்டன. ஏட்டிலெழுதிய ஒரு பொய், ஆகாயத்திற் செல்லும் வீரனின் உயிரைக் குடிக்கும் என்பதை நாடு அன்று உணர்ந்தது. குழுவினால் மிஞ்சிய தொகை 1,000 கோடி முதல் 1,500 கோடி டொலர் வரை என மதிப்பிடுவர்.

எனினும் ஒரு வாயிலில் அக்காவலரும் நின்றுவிட்டார். வாஷிங்ரன் மாநிலத்திற் பெருநிலம் வாங்கி எழுப்பப்பட்ட மருமமான தொழிற்சாலை பற்றி 1943 யூன் மாதம் குழு வினவியபோது, யுத்த மந்திரி ஸ்ரிம்சன் ஆராய்ச்சியை நிறுத்துமாறு வேண்டினார்; ட்றூமன் இசைந்தார். 1945 ஏப்பிரல் 12ஆம் நாள் ரூஸ்வெல்ற் மறைய, உப ஜனாதிபதியாயிருந்த ட்றூமன் நாட்டின் தலைவரானார். அதன் பின்னரே அது அணுகுண்டுக்கான ஆலை என்பதை முழுமையாக அறிந்தார். அவ்வாண்டு ஆகஸ்ற் மாதம் கிரோசிமாவும் நாகசாகியும் அழிந்தன. போர்க்காலத்து இரகசியத்தின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கேளாது விட்ட அவ்வொரு கேள்வியை எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் கனக்கின்றது.

ஜனாதிபதியாகிய பின்னர் அவரது ஆட்சியே ஆராயப்பட்டது. அரசாங்கக் கடனுதவிக் கூட்டுத்தாபனத்தைக் குறைகூறிய மூதவை அறிக்கையை அவர் முதலில் வெறுத்தார். வரித் திணைக்களத்தில் ஊழல் வெளிப்பட்டதும், 1952இல் அரசியல் நியமனம் பெற்ற வரி சேகரிப்போர் பதவிகளை ஒழித்து அத்திணைக்களத்தைச் சீர்திருத்தினார். பிறரை ஆராய்தல் எளிது, தான் ஆராயப்படுதலைப் பொறுத்தல் அரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1921இல் நிறுவப்பட்ட பொதுக் கணக்கு அலுவலகத்தின் அதிகாரத்தை அவர் ஒப்பமிட்ட 1945ஆம், 1950ஆம் ஆண்டுச் சட்டங்கள் வலுப்படுத்தின. 1951 செப்ரெம்பரில் அவ்வலுவலகத்தின் புதிய கட்டிடத்துக்கு அவரே மூலைக்கல் நாட்டினார். பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதிலே மூழ்கியிருந்த அவ்வலுவலகம், திணைக்களங்கள் தம் கடமையைச் செவ்வனே ஆற்றுகின்றனவா என ஆராயும் நிலைக்கு உயர்ந்தது. 2004இல் அதன் பெயரும் பொறுப்புக்கூறலைக் குறிக்குமாறு மாற்றப்பட்டது.

ட்றூமன் 1972 டிசெம்பர் 26ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். இடித்துரைக்கும் பெரியாரைத் துணைக்கொள்ளுமாறு அரசர்க்கு அறிவுறுத்தினார் வள்ளுவர். மாணவ மணிகாள்! நாளை உங்களுட் சிலர் பொதுப்பணத்தின் ஏடுகளைக் கையிலே தாங்குவீர்கள். அஞ்சாது வினவுங்கள், உங்களை வினவுவோரை வெகுளாதிருங்கள். எமது கல்லூரித் தாய்க்கு நீவிர் செலுத்தும் காணிக்கை அதுவாகுக.