இதயத் துடிப்பைச் சரியாக அளக்கப் பாடுபட்டவர்

மெதுவோட்டம் போகும் பலரின் மணிக்கட்டில் இன்று திறன் கடிகாரம் இருக்கிறது. அது காட்டும் இதயத் துடிப்பு எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதை அறிய விரும்பும் மாணவர்களுக்கு வில்லெம் ஐந்தோவனின் வாழ்க்கை நல்ல பாடம்.

அவர் 1860 மே 21ஆம் நாள், இன்றைய இந்தோனேசியாவின் செமாராங் நகரில், டச்சுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மருத்துவரான தந்தை இறந்த பிறகு, தாயார் ஆறு பிள்ளைகளுடன் 1870இல் நெதர்லாந்து திரும்பினார். உட்ரெக்டில் மருத்துவம் படித்த ஐந்தோவன் உடற்பயிற்சியிலும் வாள்வீச்சிலும் ஆர்வம் மிக்கவர். மாணவர் படகோட்டும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒருமுறை விழுந்து மணிக்கட்டு முறிந்து அறையில் முடங்கியபோதும், கை அசையும் விதத்தை ஆராய்ந்தார். 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் நுண்ணிய மின்சாரம் எழுகிறது. அதைப் பதிவு செய்ய அன்று இருந்தது பாதரசக் கருவி. பாதரசம் மெதுவாகவே நகர்ந்ததால், இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பதிவு உருமாறி வந்தது. ஐந்தோவன் அந்தப் பிழையைக் கணக்கிட்டு, உண்மையான வடிவத்தை வரைந்தார். பிறகு காந்தங்களுக்கு நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டுப் புதிய கருவியைச் செய்தார். அதன் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து அசையாமல் அமர வேண்டும். இசிஜி இப்படித்தான் வளர்ந்தது. அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். 1927இல் லைடனில் காலமானார்.

கடிகாரம் அளக்கும் முறை வேறு. அது பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் மாற்றத்தைக் கொண்டு இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. கை ஆடினால் அந்த ஒளியும் ஆடும். நான் சுவாவில் மாலையில் ஓடும்போது கடிகாரம் சில சமயம் 170 காட்டும். உடனே நின்று நாடியைத் தொட்டு எண்ணினால் 140தான் இருக்கும். நிமிடத்துக்கு 170 முறை தரையில் படும் கால்களின் தாளத்தை, கடிகாரம் துடிப்பாக எடுத்துக்கொள்கிறது.

இதைக் குறைக்க வழி உண்டு. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாதபடி வாரை இறுக்குங்கள்; ஓடி முடித்ததும் தளர்த்திவிடலாம். வியர்வையைத் துடைத்து, ஒளி வரும் பகுதியைச் சுத்தமாக வையுங்கள். சந்தேகம் வந்தால், நின்றவுடன் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டை அணியலாம். அது ஐந்தோவனின் கருவியைப் போல இதயத்தின் மின்சாரத்தையே அளக்கிறது. அதன் முனைகளை ஈரப்படுத்தச் சொல்வதும் அவருடைய உப்புநீரின் காரணத்துக்காகத்தான்: ஈரமான தோலில் மின்சாரம் எளிதாகக் கடக்கும்.

எண் கூடுதலாகத் தெரிந்தால் வீணாகப் பயப்படுவோம். குறைவாகத் தெரிந்தால் உடல் தாங்காத வேகத்தில் ஓடுவோம். ஐந்தோவன் தம் கருவி எங்கே தவறும் என்று தேடியவர். நாமும் அப்படித் தேடலாம். ஆனால் நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ, கடிகாரம் என்ன எண் காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்தி, உடனே உதவி கேளுங்கள்.