பெரி. சுந்தரமும் தூசி தின்ற நுரையீரல்களும்

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து காலி வீதியால் கோட்டைப் பக்கம் போனால், காலிமுகத்திடல் முடியும் இடத்தில் பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம் ஒன்று வரும். இன்று அது ஜனாதிபதி செயலகம். 2022 போராட்டத்தின்போது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் பார்த்திருப்பீர்கள். 1931 முதல் அரசாங்க சபை கூடியதும் அங்கேதான். அந்தச் சபையின் முதல் அமைச்சரவையில் தொழில், கைத்தொழில், வர்த்தகம் மூன்றுக்கும் பொறுப்பாக இருந்தவர் பெரி. சுந்தரம்.

1890இல் கண்டிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ், பாரிஸ்டர் பட்டம். ஊர் திரும்பியவர் 1919இல் சேர். பொன்னம்பலம் அருணாசலத்தோடு சேர்ந்து தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நடத்தினார். வேலையை விட்டு ஓடும் தோட்டத் தொழிலாளியைச் சிறையில் போடச் சட்டம் இடம்கொடுத்த காலம் அது. துரை கொடுக்கும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை எடுக்கவும் முடியாது. 1920களின் தொடக்கத்தில் இரண்டும் ஒழிந்தன. மானிப்பாய் வேர்கொண்ட கொழும்புப் பிரபுவும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து வேலை செய்ததை நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

1931இல் ஹட்டன் தொகுதியில் போட்டியின்றித் தெரிவானார். வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. ஏழு அமைச்சர்களில் ஒரே தமிழர் மலையகத்தவர்.

அவருடைய பதவிக் காலத்தில் வந்ததுதான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அமைச்சர் என்றாலும் அன்றைய முறையில் அவர் ஒரு நிர்வாகக் குழுவின் தலைவர்தான். எல்லாப் புகழையும் அவருக்கே கொடுக்க முடியாது. ஆனால் விசயம் பெரியது. வேலையில் காயப்பட்டவர் முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலை நேரத்தில் நடந்தது என்றால் போதும். அட்டவணையில் பெயருள்ள தொழில்நோய் வந்தால் அதையும் விபத்துக் காயமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சிக்கலும் அங்கேதான். இயந்திரத்தில் விரல் போனால் நாளும் தெரியும், நேரமும் தெரியும், பார்த்தவரும் இருப்பார். கல்தூசி நுரையீரலைத் தின்ன பத்து, இருபது வருடம் எடுக்கும். அதற்குள் முதலாளி மாறிவிடுவார், வரவுப் புத்தகம் கறையானுக்குப் போய்விடும், வைத்தியர் காசம் என்றோ தொய்வு என்றோ எழுதிவிடுவார். அதே 1934இல்தான் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் அமைப்பும் சிலிக்கோசிஸ் எனப்படும் கல்தூசி நோயை நட்டஈட்டுக்குரிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இங்கே தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் வரும் தொய்வை டொக்டர் சி. ஜி. ஊரகொட மருத்துவ சஞ்சிகையில் எழுதியது 1970இல். அந்தத் தொழிற்சாலைகளுக்கு நடுவே பிறந்த மனிதர் இறந்து அப்போது பதின்மூன்று வருடம்.

1936 தேர்தலுக்குப் பின் அமைந்த அமைச்சரவையில் ஒரு தமிழரும் இல்லை. பிறகு இலங்கை இந்தியன் காங்கிரசில் தலைமை வகித்தார். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தன் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியதையும் பார்த்துவிட்டு 1957இல் காலமானார்.

அவர் காலத்துச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2022 திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கியது. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் வீடு கட்டியவர்கள், அஸ்பெஸ்ரஸ் சீற்றை மூக்கில் துணிகூடக் கட்டாமல் வெட்டியவர்கள், கல்லுடைத்தவர்கள் எத்தனை பேர் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? நாட்கூலி, கையெழுத்தில்லை, அடுத்த மாதம் வேறு கொந்தராத்துக்காரர். இருமல் விடாமல் கிளினிக்குக்குப் போகிற மேசன்மார், எந்த வேலை, எத்தனை வருடம், யாரிடம் என்பதை வைத்தியரிடம் சொல்லிக் கொப்பியில் எழுதுவித்து வைத்திருப்பது நல்லது. வேலைக்கு அத்தாட்சியாக இல்லாவிட்டாலும், நோயை வேலையோடு சேர்த்துக் காட்டுகிற ஒரே தாள் பலருக்கு அதுவாகத்தான் இருக்கும்.